பிள்ளைக்கு டான்சில், அடினாய்டு அறுவை சிகிச்சை: தடைக்காலம் வரை காத்திருக்கலாமா?

கேள்வி: தங்கச்சிமடத்துத் தாய்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் தங்கச்சிமடத்தில் வசிக்கிறோம். என் கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். எங்கள் ஒரே மகனுக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்பில் படிக்கிறான். மூன்று வயது முதலே தூக்கத்தில் குறட்டை விடுவான். சளியால்தான் அப்படி இருக்கிறது என்று நினைத்து விட்டுவிட்டோம். கடந்த ஓராண்டாக அது வேறு விதமாக மாறியிருக்கிறது. வாயைத் திறந்துகொண்டு, கழுத்தைப் பின்னால் வளைத்துத் தூங்குகிறான். சில நேரம் குறட்டை சட்டென்று நின்றுவிடும். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும், மூச்சுக் காற்று வராது. நான் எழுந்து உட்கார்ந்து எண்ணத் தொடங்கும்போது திடுக்கிட்டுப் பெரிதாக ஒரு மூச்சை இழுத்து, மறுபடியும் குறட்டை விடுவான். விடியற்காலையில் தலையணை வியர்வையில் நனைந்து கிடக்கும். நான்கு வயதில் நின்றுபோன படுக்கை நனைப்பு மீண்டும் தொடங்கியிருக்கிறது. ஒரு வேளைச் சோறு உண்ண ஒரு மணி நேரம் ஆகிறது. எடை ஓராண்டாக 16 கிலோவிலேயே நிற்கிறது. இவற்றோடு, ஏறக்குறைய மாதம் ஒரு முறை தொண்டை வலியும் காய்ச்சலும் வருகின்றன.

ராமநாதபுரத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டினோம். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, மூக்கின் பின்புறம் அடினாய்டு என்ற சதை பெரிதாகி மூச்சு வழியை அடைக்கிறது, டான்சில்களும் ஒன்றை ஒன்று தொடும் அளவுக்கு வளர்ந்திருக்கின்றன, இரண்டையும் எடுத்துவிடுவது நல்லது என்றார்.

வீட்டில் ஒருமித்த கருத்து இல்லை. உள்நாக்கை அறுத்தால் குரல் போய்விடும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் போய்விடும் என்று என் மாமியார் அஞ்சுகிறார். அவர் காலத்தில் உப்பும் மிளகுத்தூளும் விரலில் தொட்டு உள்நாக்கை அழுத்திவிடுவார்களாம். அதிலேயே சரியாகிவிடும் என்கிறார். என் கணவரோ, செய்வதானால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் செய்யலாம், தானும் கரையில் இருக்கலாம், பள்ளிக்கும் விடுமுறை என்கிறார். பொங்கல் முடிந்து சில நாட்களே ஆகின்றன. இன்னும் மூன்று மாதம் இப்படியே விடுவது சரியா என்பதுதான் என் முதல் கேள்வி. இந்த அறுவை சிகிச்சையால் உண்மையில் எவ்வளவு பலன் கிடைக்கும், அதன் பிறகான நாட்களை எப்படிக் கடந்தீர்கள் என்பதையும், அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

பதில் 1: காது மூக்கு தொண்டை மருத்துவர், மதுரை

சகோதரி, நான் மண்டபத்தில் பிறந்து வளர்ந்தவன். பிள்ளையை நேரில் பார்க்காமல் முடிவு சொல்வது முறையாகாது. ஆனால் நாங்கள் எதை வைத்து முடிவெடுக்கிறோம் என்பதை விளக்க முடியும்.

முதலில் உங்கள் மாமியாரின் அச்சத்துக்கு விடை. நம் பக்கத்தில் உள்நாக்கு வளர்ந்துவிட்டது என்று சொல்வது பெரும்பாலும் டான்சிலைத்தான். உள்நாக்கு என்பது அண்ணத்தின் நடுவில் தொங்கும் சிறு சதை. இந்த அறுவை சிகிச்சையில் அதை எடுப்பதில்லை. டான்சில்கள் தொண்டையின் இரு பக்கமும் இருப்பவை. அடினாய்டு அண்ணத்துக்கு மேலே, மூக்கின் பின்கோடியில் மறைந்திருப்பது. வாயைத் திறந்தால் தெரியாது என்பதால்தான் எக்ஸ்ரேயோ மூக்கு வழி உள்நோக்கியோ தேவைப்படுகிறது. விரலால் அழுத்துவதால் இவை எதுவும் கரைவதில்லை. புண்ணும் இரத்தக் கசிவும் ஏற்படலாம் என்பதால் அதைச் செய்ய வேண்டாம். குரல் போய்விடாது. மூக்கடைத்துக்கொண்டு பேசும் பிள்ளையின் குரல் தெளிவடையும். சில வாரங்களுக்குச் சற்று மாறி ஒலிக்கும், அவ்வளவுதான். அண்ணத்தில் மறைவான பிளவு உள்ள பிள்ளைகளுக்கு மட்டும், அடினாய்டை முழுவதும் எடுத்தால் பேச்சு மூக்கு வழியாக ஒழுகும். ஆகவே அண்ணத்தையும், உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

இந்த அறுவை சிகிச்சைக்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் உண்டு: திரும்பத் திரும்ப வரும் தொண்டை அழற்சி ஒன்று, தூக்கத்தில் ஏற்படும் மூச்சுத் தடை மற்றொன்று. ஒரே பிள்ளைக்கு இரண்டும் இருக்கலாம். ஆனால் அறுவையால் கிடைக்கும் பலன் இரண்டுக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை.

தொண்டை அழற்சிக்கு எங்களிடம் ஒரு கணக்கு உண்டு. ஓராண்டில் 7 முறை, அல்லது தொடர்ந்து இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 5 முறை, அல்லது மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு 3 முறை வந்திருக்க வேண்டும். பிட்ஸ்பர்க்கில் ஜாக் பாரடைஸ் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1984-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த கணக்கு இது. வெறும் கரகரப்பு இதில் சேராது. தொண்டை வலியோடு 101 டிகிரியைத் தாண்டும் காய்ச்சல், கழுத்தில் நெறிக்கட்டு, டான்சிலில் வெண்படலம், ஸ்ட்ரெப் கிருமி இருப்பதைக் காட்டும் பரிசோதனை முடிவு ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். அந்த ஆய்விலேயே, அறுவை செய்யப்படாத பிள்ளைகள் பலரும் காலப்போக்கில் தேறினார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பீட்டில், அறுவைக்குப் பிந்தைய முதல் ஆண்டில் தொண்டை வலி சராசரியாக 3.6 முறையிலிருந்து 3 முறையாகவே குறைந்திருந்தது. அந்த மூன்றில் ஒன்று அறுவையால் வரும் வலியே. கடுமையாக அவதிப்படும் பிள்ளைக்கு இந்தப் பலன் இதைவிடப் பெரிது. லேசான அழற்சிக்காக அறுவைக்குப் போவது ஏற்றதாகாது.

மூச்சுத் தடையின் நிலை வேறு. 2013-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வில், 5 முதல் 9 வயது வரையுள்ள 464 பிள்ளைகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடனே அறுவை செய்தார்கள். மற்றொரு குழுவைக் கண்காணிப்பில் வைத்துக் காத்திருந்தார்கள். ஏழு மாதங்களுக்குப் பிறகு தூக்கப் பரிசோதனை (இரவில் தூங்கும்போது மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் கருவிகளால் பதிவு செய்வது) செய்தபோது, அறுவை செய்த பிள்ளைகளில் 79 விழுக்காட்டினருக்கும், காத்திருந்தவர்களில் 46 விழுக்காட்டினருக்கும் முடிவு இயல்புக்குத் திரும்பியிருந்தது. நடத்தை, பகல்நேரச் சோர்வு, வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் அறுவை செய்த குழு தெளிவாக முன்னேறியது. ஆனால் கவனத்தையும் திட்டமிடும் திறனையும் அளக்கும் தேர்வுகளில் இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அறுவை செய்தால் படிப்பில் முதலிடம் வந்துவிடுவான் என்று எவரும் உங்களுக்கு உறுதி கூறக் கூடாது. நன்றாகத் தூங்குவான், நன்றாக மூச்சு விடுவான் என்பதை மிகுந்த நம்பிக்கையோடு சொல்லலாம். உடல் பருமனான பிள்ளைகளுக்கும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கும் அறுவைக்குப் பிறகும் தடை எஞ்சியிருக்கலாம் என்பதால், அவர்களுக்கு முன்கூட்டியே தூக்கப் பரிசோதனை செய்வது அவசியம்.

உங்கள் மகனைப் பற்றி நீங்கள் எழுதியதில், தொண்டைக் காய்ச்சலைவிட மூச்சுத் தடையே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மூச்சு நின்று நின்று வருவது, வியர்வை, படுக்கை நனைப்பு திரும்பியிருப்பது, எடை ஏறாமல் நிற்பது எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன. மூன்று மாதம் காத்திருக்கலாமா என்பதற்கு விடை, தடை எவ்வளவு கடுமையானது என்பதைப் பொறுத்தது. லேசானது என்றால், அந்த ஆய்வில் ஏழு மாதம் காத்திருந்த பிள்ளைகளைப் போல மருத்துவரின் கண்காணிப்பில் காத்திருக்கலாம். அந்த இடைவெளியில் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்தைச் சில வாரங்கள் முயன்று பார்க்கலாம், வீட்டில் கொசுவர்த்திப் புகையையும் பீடிப் புகையையும் அறவே நிறுத்தலாம். கடுமையானது என்றால் ஏப்ரலுக்காகக் காத்திருக்காதீர்கள். முழுமையான தூக்கப் பரிசோதனை செய்யும் வசதி எல்லா ஊரிலும் இல்லை. ஆகவே மூன்று இரவுகள், சட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சும் முகமும் தெரியும்படி கைப்பேசியில் காணொளி எடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை ஓர் இரவு முழுவதும் வைத்துப் பதிவு செய்ய முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முடிவெடுக்க இவை இரண்டும் பெரிதும் உதவும்.

எதிர்ப்புச் சக்தி பற்றிய கேள்வி நியாயமானது. தொண்டையிலும் நாக்கின் அடியிலும் இதே வகைத் திசு வேறு இடங்களிலும் உள்ளது. இரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதங்கள் சற்றே குறைந்தாலும் இயல்பு எல்லைக்குள்ளேயே இருப்பதைத்தான் பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன. டென்மார்க்கில் ஏறத்தாழ 12 லட்சம் பிள்ளைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஒரு கட்டுரை, சிறு வயதில் இவற்றை எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் மூச்சுப்பாதை நோய்கள் கூடுதலாக இருந்ததாகக் கூறியது. ஏற்கெனவே நோய்வாய்ப்படும் பிள்ளைகளுக்குத்தானே அறுவை நடக்கிறது என்பதால், எது காரணம், எது விளைவு என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது. இருந்தாலும் தேவையில்லாமல் எடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையாக அதை நான் மதிக்கிறேன்.

ஆபத்துகளில் முதன்மையானது இரத்தக் கசிவு. நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான பிள்ளைகளுக்கே வருகிறது என்றாலும், வரும்போது அலட்சியம் கூடாது. உயிரிழப்பு மிக மிக அரிது. குடும்பத்தில் யாருக்காவது பல் பிடுங்கும்போதோ பிரசவத்திலோ இரத்தம் நிற்காமல் போனதுண்டு என்றால் அதை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பதில் 2: தேவிபட்டினத்துத் தகப்பன்

எங்கள் மகன் கதை இதற்கு நேர்மாறானது. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். அவனுக்குக் குறட்டை கிடையாது. தொண்டை வலி மட்டும்தான். நாங்களும் மாதம் ஒரு முறை வருகிறது என்றுதான் மருத்துவரிடம் சொன்னோம். அவர் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, ஒவ்வொரு முறையும் தேதி, காய்ச்சலின் அளவு, கொடுத்த மருந்து, எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை என்று எழுதிவரச் சொன்னார். ஓராண்டு முடிந்து எண்ணிப் பார்த்தால், காய்ச்சலோடு வந்தது நான்கே முறை. மற்றவை எல்லாம் சாதாரணச் சளி. அடுத்த ஆண்டு இரண்டு முறை வந்தது. இப்போது அவனுக்குப் பத்து வயது. அறுவை இல்லாமலேயே நன்றாக இருக்கிறான்.

இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்கிறேன். அதற்கு முன்பு நாங்கள் மருந்துக் கடையில் நாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கி, இரண்டு நாள் கொடுத்து, காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுவோம். ஸ்ட்ரெப் கிருமியால் வரும் தொண்டை அழற்சியைப் பாதியில் விட்டால் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்கக்கூடும் என்பதை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். என் சித்தப்பா மகளுக்கு அப்படி வால்வு கெட்டு, 21 நாட்களுக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போட்டு வருகிறார்கள். டான்சிலை எடுத்துவிட்டால் அந்த ஊசியை நிறுத்தலாமா என்று கேட்டதற்கு, நிறுத்தக் கூடாது என்று மருத்துவர் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார்.

உங்கள் மகனுக்கு மூச்சு நிற்கிறது என்று எழுதியிருப்பதால் எங்கள் முடிவை அப்படியே நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். நோட்டுப் புத்தகம் மட்டும் இன்றே தொடங்குங்கள்.

பதில் 3: கீழக்கரை உம்மா

தங்கச்சி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் மகளின் இரவுகள் அப்படியே கண்முன் வந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, அவளுடைய ஏழாம் வயதில், மதுரையில் டான்சில், அடினாய்டு இரண்டையும் எடுத்தோம். அவளுடைய வாப்பா அப்போது துபாயில் இருந்தார். நானும் என் தம்பியும்தான் அழைத்துச் சென்றோம். செய்தது சரியான முடிவு என்று இன்று உறுதியாகச் சொல்வேன். ஆனால் நாங்கள் செய்த ஒரு தவறு உங்களுக்கு நேரக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அறுவை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. வெளியே தையலோ தழும்போ கிடையாது. எல்லாம் வாய் வழியாகவே செய்தார்கள். மயக்கம் தெளியும்போது அவள் அரை மணி நேரம் கட்டுக்கடங்காமல் அழுதாள். மயக்க மருந்தால் அப்படி ஆகும் என்று செவிலியர் முன்பே சொல்லியிருந்ததால் தாங்கிக்கொண்டேன். முதல் நாள் இளநீரும் குளிர்ந்த பாலும் சிறு மிடறுகளாகக் கொடுத்தோம். இரண்டாம் நாள் ஐஸ்கிரீம். மூன்றாம் நாள், நோன்புக் கஞ்சியைப் போலக் குழைய வேகவைத்து, காரமும் கரம் மசாலாவும் இல்லாமல் கொடுத்ததை நன்றாகவே குடித்தாள். நான்காம் நாள் ஊருக்குத் திரும்பிவிட்டோம். எல்லாம் முடிந்தது என்று அக்கம்பக்கத்தில் சீனி கூடக் கொடுத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் வலி மறுபடியும் கூடியது. காது வலிக்கிறது என்று அழுதாள். காதில் ஒன்றும் இல்லை, தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்புத் தொடர்பு இருப்பதால் அப்படித் தெரிகிறது என்று தொலைபேசியில் மருத்துவர் சொன்னார். தொண்டையில் வெள்ளையும் மஞ்சளுமாகப் படலம் படிந்திருந்தது. வாயில் பொறுக்க முடியாத வாடை. சீழ் பிடித்துவிட்டது என்று நான் பதறினேன். அது புண் ஆறும்போது வரும் பொருக்கு, அதற்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. வலிக்குப் பயந்து அவள் தண்ணீர் குடிக்க மறுத்தாள். நானும் அவள் மனம் நோகக் கூடாது என்று வற்புறுத்தாமல் விட்டுவிட்டேன். அதுதான் தவறு. குடிக்காத தொண்டை வறண்டு வலியைக் கூட்டும். வலி கூடினால் இன்னும் குடிக்க மாட்டார்கள். வலி மருந்தை வலி வந்த பிறகு கொடுக்காமல், முதல் ஒரு வாரம் இரவிலும் எழுப்பி நேரம் தவறாமல் கொடுத்து, அரை மணி நேரம் கழித்து குடிக்க வைத்திருக்க வேண்டும்.

ஏழாம் நாள் இரவு இரண்டு மணி இருக்கும். தூக்கத்தில் அவள் எதையோ திரும்பத் திரும்ப விழுங்கும் சத்தம் கேட்டு விழித்தேன். விளக்கைப் போட்டால் கடைவாயில் இரத்தம். எழுப்பி உட்கார வைத்ததும் கட்டியாகக் கருஞ்சிவப்பில் வாந்தி எடுத்தாள். படுக்க வைக்காமல், முன்னால் குனிய வைத்து, விழுங்காமல் துப்பச் சொல்ல வேண்டும் என்பதை எங்கோ படித்திருந்தது நல்லதாயிற்று. தம்பி காரில் ராமநாதபுரம் கொண்டுசென்றோம். நாங்கள் முதலில் போன இடத்தில் அந்த நேரத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவர் இல்லை. குளுக்கோஸ் ஏற்றி, ஆம்புலன்சில் மதுரைக்கு அனுப்பினார்கள். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தப் பயணத்தில் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நான் ஓதியதை அல்லாஹ் கேட்டான். விடிந்ததும் மறுபடியும் மயக்கம் கொடுத்து, கசிந்த இடத்தைச் சுட்டு அடைத்தார்கள். இரத்தம் ஏற்றத் தேவைப்படவில்லை. இரண்டு நாளில் வீடு திரும்பினோம்.

எங்களுக்குக் கொடுத்த சீட்டில், இரத்தம் வந்தால் உடனே வரவும் என்று ஒரு வரி மட்டுமே இருந்தது. ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை பொருக்கு உதிரும், இரண்டாவது இரத்தக் கசிவு பெரும்பாலும் அந்த நாட்களில்தான் வரும் என்று அந்த மருத்துவமனையில் ஒருவராவது வாய் திறந்து சொல்லியிருந்தால், நான் நான்காம் நாளே ஊருக்கு வந்திருக்க மாட்டேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. பிள்ளை தேறிவிட்டது போலத் தோன்றும் நேரமும் ஆபத்து வரக்கூடிய நேரமும் ஒன்றாக இருக்கின்றன. நம் கடலோரத்தில் எல்லாரும் அந்த நேரத்தில்தான் மருத்துவரை விட்டுத் தூரமாகப் போய்விடுகிறோம். உங்களுக்கு நடுவில் பாம்பன் பாலமே இருக்கிறது. ஆகவே முழுதாகப் பதினான்கு நாட்கள், இரவு எந்த நேரமும் காது மூக்கு தொண்டை மருத்துவர் வரக்கூடிய மருத்துவமனைக்கு அருகில் உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்குங்கள். எங்கே தங்குவது என்பதை அறுவைத் தேதிக்கு முன்பே முடிவு செய்யுங்கள். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இதை வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

பலனையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வாரத்திலிருந்து குறட்டை முற்றிலும் இல்லை. முதல் சில இரவுகள் அவள் சத்தமில்லாமல் தூங்குவதைக் கண்டு நான் பயந்து, மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். நன்றாகச் சாப்பிடுகிறாள், ஓராண்டில் நான்கு கிலோ ஏறினாள். காலையில் எரிந்து விழும் குணம் போய்விட்டது. மதிப்பெண் அப்படியேதான் இருக்கிறது. மருத்துவர் ஐயா எழுதியிருப்பதைப் படித்தபோது அது எனக்கு ஒத்துப்போனது. தடைக்காலத்தில் செய்தால் நுங்குக் காலமாக இருக்கும். தோலுரித்த நுங்கைப் போலத் தொண்டைக்கு இதமானது வேறில்லை. முறுக்கு, மிக்சர், வறுத்த மீன் போன்ற மொறுமொறுப்பானவற்றை மட்டும் இரண்டு வாரங்களுக்குக் கண்ணில் காட்டாதீர்கள்.

பதில் 4: தொண்டிப் பள்ளி ஆசிரியை

அம்மா, உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றை, வகுப்பறையில் இருபது ஆண்டுகள் நின்றவள் என்ற முறையில் சேர்க்க விரும்புகிறேன். பிள்ளையின் காது எப்படி இருக்கிறது என்று பார்த்தீர்களா? அடினாய்டு பெரிதாக இருக்கும் பிள்ளைகளுக்கு, மூக்கையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் சரியாகத் திறக்காமல், செவிப்பறையின் பின்னால் நீர் கோத்துக்கொள்வதுண்டு. வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, கேட்கும் திறன் மட்டும் மெல்லக் குறையும். தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவான், கூப்பிட்டால் திரும்ப மாட்டான். என் வகுப்பில் ஒரு மாணவனை ஓராண்டு முழுவதும் கவனமில்லாதவன் என்று கருதிக் கண்டித்திருக்கிறேன். பள்ளிக்கு வந்த சிறார் நலத் திட்ட மருத்துவக் குழுவினர் அவனைப் பரிசோதித்து மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பிய பிறகுதான், இரண்டு காதிலும் நீர் கோத்திருந்தது தெரிந்தது. அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன்.

பெரும்பாலும் மூன்று மாதங்களில் தானாகவே வற்றிவிடும் என்றும், வற்றாவிட்டால் செவிப்பறையில் சிறு குழாய் பொருத்துவார்கள் என்றும், நான்கு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு அடினாய்டை எடுப்பதும் அதற்குப் பலன் தரும் என்றும் அவனைப் பார்த்த மருத்துவர் விளக்கினார். ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடித்துவிட முடியும் என்பதால், அறுவைக்கு முன்பே காது பரிசோதனையையும் செய்துவிடுங்கள். அதுவரை முதல் வரிசையில் உட்கார வைக்கும்படி வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள்.

தங்கச்சிமடத்துத் தாய்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பத்து நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன். மூன்று இரவுகள் எடுத்த காணொளியை மருத்துவரிடம் காட்டினோம். ஓர் இரவு மருத்துவமனையில் தங்கவைத்து விரலில் கருவி மாட்டிப் பார்த்ததில், ஆக்சிஜன் அளவு பல முறை 80-களுக்கு இறங்கியிருந்தது. ஏப்ரல் வரை தள்ள வேண்டாம் என்று அவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். காணொளியைப் பார்த்த என் மாமியார் அழுதுவிட்டார். இப்போது அவரே சீக்கிரம் செய்யுங்கள் என்கிறார். காதையும் பரிசோதித்தோம், வலது காதில் மட்டும் சிறிதளவு நீர் இருக்கிறது, அடினாய்டை எடுத்த பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் தேதி கொடுத்திருக்கிறார்கள். என் கணவர் இரண்டு வாரம் கடலுக்குப் போகாமல் இருப்பதாக முடிவு செய்திருக்கிறார். ராமநாதபுரத்தில் என் நாத்தனார் வீட்டில் பதினான்கு நாட்கள் தங்குவோம். அங்கிருந்து மருத்துவமனை நடக்கும் தூரம்தான். இரவில் அழைத்தால் வரும் மருத்துவர் யார் என்பதையும் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் காப்பீட்டுப் பிரிவில் காட்டி விசாரித்து வருகிறோம். இரண்டு சிறு கேள்விகள் மட்டும் மிச்சம். வலிக்கு எந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது? அவனுக்குக் கீழ்வரிசை முன்பல் ஒன்று ஆடுகிறது. அதனால் ஏதேனும் தடை உண்டா?

காது மூக்கு தொண்டை மருத்துவர், மதுரை

நல்ல முடிவு, சகோதரி. ஆக்சிஜன் அந்த அளவுக்கு இறங்கியிருப்பதால், அறுவை நடந்த இரவு கட்டாயம் மருத்துவமனையிலேயே, கருவியின் கண்காணிப்பில் வைத்திருக்கச் சொல்லுங்கள். அன்றே வீட்டுக்கு அனுப்பினால் சம்மதிக்க வேண்டாம். அறுவைக்கு முந்தைய இரண்டு வாரங்களில் காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்; தேதி தள்ளிப்போவதில் நட்டமில்லை. வீக்கம் வற்றும் வரை முதல் ஒரு வாரம், சில நேரம் இரண்டு வாரம், குறட்டை தொடரலாம். அதைக் கண்டு அறுவை பலிக்கவில்லை என்று எண்ண வேண்டாம்.

வலிக்குப் பாராசிட்டமாலும் இபுபுரூஃபெனும் போதும்; எடைக்கு ஏற்ற அளவை உங்கள் மருத்துவர் எழுதித் தருவார். ஆஸ்பிரின் கூடாது. கோடீன் கலந்த மருந்தும் கூடாது. சில பிள்ளைகளின் உடல் கோடீனை மிக வேகமாக மார்ஃபீனாக மாற்றிவிடுவதால் மூச்சு அடங்கி உயிரிழப்பு நேர்ந்ததை அடுத்து, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. 2017-இல் 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்று அறிவித்தது. இந்த அறுவைக்குப் பின் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு டிரமடால் என்ற வலி மருந்தும் கூடாது என்று அப்போதே சொன்னார்கள். பழைய இருமல் மருந்துகள் சிலவற்றிலும் கோடீன் உண்டு. வீட்டில் இருப்பதை எடுத்து ஊற்றிவிடாதீர்கள்.

ஆடும் பல்லால் அறுவைக்குத் தடையில்லை. ஆனால் மயக்க மருத்துவரிடம் அதை மறவாமல் காட்டுங்கள். வாய் வழியாகக் குழாய் செலுத்தும்போது பல் கழன்று மூச்சுக்குழாய்க்குள் விழக் கூடாது என்பதால், மிகவும் ஆடினால் மயக்கத்திலேயே அதை எடுத்துவிடுவார்கள். அப்படி எடுத்தால் அந்தப் பல்லைக் கேட்டு வாங்கி ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருங்கள். வீட்டுக்கு வந்ததும் கூரைமேல் எறிய அவன் அதைத் தேடுவான்.